உரிமம் இருக்கிறதா? அது யாருக்குப் பதில் சொல்லும் உரிமம்?



சில மாதங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிறு காலை. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையுடன் நம்மிடம் வந்தார். வளைகுடா நாட்டில் 22 ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர், அன்பியப் பொறுப்பாளர். "சாமி, இது சரியான கம்பெனிதானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

கிரிப்டோகரன்சி எனப்படும் மின்னணு நாணயங்களை வாங்கவும் விற்கவும் உதவும் ஒரு பரிமாற்றத் தளத்தின் சான்றிதழ் அது. அமெரிக்க அரசுத் துறை ஒன்றில் பதிவு பெற்ற நிறுவனம் என்று எழுதியிருந்தது. கழுகு முத்திரை, பதிவு எண், தேதி எல்லாம் இருந்தன. தெரிந்த தம்பி ஒருவர் சொன்னதை நம்பி 60,000 ரூபாய் ஏற்கெனவே போட்டிருந்தார். கைபேசித் திரையில் அது 81,000 ஆக வளர்ந்திருந்தது. மகளின் திருமணத்திற்காக வங்கியில் வைத்திருக்கும் 4 லட்சத்தையும் எடுத்துப் போடலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

குருமடத்தில் படித்த இறையியல் இந்தக் கேள்விக்குக் கைகொடுக்கவில்லை. "ஒரு வாரம் பொறுங்க, அதுவரைக்கும் இன்னொரு ரூபாகூடப் போடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வாரத்தில், பங்கில் உள்ள ஆடிட்டர் ஒருவரின் உதவியோடு தேடித் தெரிந்துகொண்டவற்றையும், அதன்பின் படித்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம். இது ஒரு குடும்பத்தின் கேள்வி மட்டும் அல்ல. வெளிநாட்டு உழைப்பில் சேர்த்த பணம் உள்ள ஒவ்வோர் ஊரிலும் இன்று இந்தக் கேள்வி எழுகிறது.

சான்றிதழ் என்றால் உரிமம் ஆகுமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் ஒரு வேன் ஓடுகிறது. அதற்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. அதனால் அது திருட்டு வண்டி இல்லை என்று தெரிகிறது, அவ்வளவுதான். கூலிக்கு ஆள் ஏற்ற வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். பக்கத்து மாநிலத்தின் பெர்மிட் மட்டும் இருந்தால் இங்கே ஆள் ஏற்ற முடியாது. விபத்து நடந்தால் பயணிக்கு இழப்பீடு கிடைக்க வேண்டுமானால் இன்சூரன்ஸ் வேண்டும். ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் மூன்றும் தாள்கள்தாம். ஆனால் ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

கிரிப்டோ தளங்களின் கதையும் இதுதான். ஒரு நாட்டில் நிறுவனமாகப் பதிவு செய்திருப்பது ஒன்று. கள்ளப்பணத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பிடம் பதிவு செய்திருப்பது இன்னொன்று. வாடிக்கையாளரின் பணத்தைத் தனியே வைத்து, தவறு நடந்தால் பதில் சொல்லும் கடமையோடு பெறும் உரிமம் மூன்றாவது. மோசடிக்காரர்கள் முதல் தாளைக் காட்டி, அதுவே மூன்றாவது தாள் என்று நம்மை நம்ப வைக்கிறார்கள்.

பெரியவர் கொண்டுவந்த தாளும் அப்படிப்பட்டதே. அமெரிக்க நிதித் துறையின் கீழ் 'ஃபின்சென்' என்ற அமைப்பு இருக்கிறது. பணச் சேவை செய்யும் நிறுவனங்கள் அதில் பதிவு செய்ய வேண்டும். நிறுவனமே ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் பட்டியலில் பெயர் வந்துவிடும். நிறுவனங்கள் தரும் விவரங்களைத் தாங்கள் சரிபார்ப்பதில்லை என்றும், பட்டியலில் பெயர் இருப்பது நம்பகத்தன்மைக்குச் சான்று ஆகாது என்றும் ஃபின்சென் அமைப்பே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. அந்தப் பதிவு உண்மையாகவே இருந்தாலும், தமிழ்நாட்டில் குடியிருக்கும் ஒருவரிடம் பணம் வாங்க அது அனுமதி ஆகாது.

இந்தியாவில் நிலைமை என்ன?

2013 டிசம்பரிலேயே இந்திய ரிசர்வ் வங்கி இந்த நாணயங்களின் ஆபத்து குறித்து மக்களை எச்சரித்தது. 2018 ஏப்ரல் 6 அன்று, கிரிப்டோ தொழிலுக்கு எந்த வங்கியும் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் 1 முதல் இதில் கிடைக்கும் இலாபத்திற்கு 30 விழுக்காடு வரி, அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு டி.டி.எஸ். பிடித்தம் என்று மத்திய அரசு விதித்தது. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் இலாபத்தில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

"கவர்மென்டே வரி வாங்குது, அப்புறம் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். வரி வாங்குவதாலேயே அதற்கு அங்கீகாரம் கொடுத்ததாக ஆகாது என்று நிதியமைச்சர் 2022 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்.

அடுத்த திருப்பம் 2023 மார்ச் 7. அன்றைய அறிவிக்கையின்படி, கிரிப்டோ பரிமாற்றத் தளங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. இந்தியர்களுக்குச் சேவை தரும் எந்தத் தளமும், அதன் அலுவலகம் எந்த நாட்டில் இருந்தாலும், நிதி அமைச்சகத்தின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்தாக வேண்டும். வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்க வேண்டும், சந்தேகத்திற்குரிய பரிமாற்றங்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இது வெறும் காகித விதி அல்ல. 2023 டிசம்பர் 28 அன்று, பதிவு செய்யாமல் இந்தியர்களுக்குச் சேவை தந்துவந்த 9 வெளிநாட்டுத் தளங்களுக்கு அந்தப் பிரிவு நோட்டீஸ் அனுப்பியது. 'பைனான்ஸ்', 'குகாயின்', 'கிராக்கன்' போன்ற உலகறிந்த பெயர்கள் அதில் இருந்தன. 2024 ஜனவரியில் அவற்றின் செயலிகள் ஆப்பிள், கூகுள் கடைகளில் இந்தியர்களுக்குக் கிடைக்காமல் போயின. குகாயின் 34.5 லட்சம் ரூபாய் அபராதம் கட்டிப் பதிவு பெற்றது. பைனான்ஸ் தளத்திற்கு 2024 ஜூனில் 18 கோடியே 82 லட்சம் ரூபாய் அபராதம். 'பைபிட்' என்ற தளத்திற்கு 2025 ஜனவரியில் 9 கோடியே 27 லட்சம். 2025 அக்டோபரில் மேலும் 25 வெளிநாட்டுத் தளங்களுக்கு நோட்டீஸ் போனது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெயர் பெரியது என்பதும், உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள் என்பதும் இந்த ஊரில் சேவை தர அனுமதி ஆகாது. நேற்றுவரை திறந்த செயலி, அரசு தடுத்தால் இன்று திறக்காது. உள்ளே இருக்கும் பணத்திற்கு யாரிடம் போய்க் கேட்பது?

பதிவு இருந்தால் பாதுகாப்பா?

அப்படியானால் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்ற தளம் என்றால் பயமில்லையா? இங்கேதான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

அந்தப் பதிவின் நோக்கம் கள்ளப்பணத்தைத் தடுப்பது. அதாவது, தளத்தின்மீதும் அதன் வாடிக்கையாளர்கள்மீதும் அரசு கண் வைத்திருக்கிறது. வாடிக்கையாளரின் பணத்திற்குப் பொறுப்பேற்பது அதன் நோக்கம் அல்ல. வங்கியில் நாம் போடும் வைப்புத்தொகைக்கு, வங்கி மூழ்கினாலும், 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோ தளத்தில் இருக்கும் பணத்திற்கு அப்படி ஒரு பைசாவும் கிடையாது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் வகுத்த விதியின்படி, 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விளம்பரங்களில் ஓர் எச்சரிக்கை இடம்பெற வேண்டும்: இவை ஒழுங்குமுறைக்கு உட்படாதவை, ஆபத்து மிகுந்தவை, நட்டம் வந்தால் ஒழுங்குமுறை அமைப்புகள் வழியே நிவாரணம் கிடைக்காமல் போகலாம் என்பது அதன் சாரம். விளம்பரத்தின் அடியில் வேகமாக ஓடிமறையும் அந்த வரிகளை நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருக்கிறோம்?

'வசீர்எக்ஸ்' தளத்திற்கு நடந்ததைப் பாருங்கள். இந்தியாவில் மிகவும் பேர்பெற்ற தளங்களில் ஒன்று. அதை நடத்திய இந்திய நிறுவனம் முறைப்படி பதிவு பெற்றது. 2024 ஜூலை 18 அன்று அதன் வாலட் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர், நம் கணக்கில் சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. வடகொரியாவைச் சேர்ந்தவர்களே இதைச் செய்தவர்கள் என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரிய அரசுகள் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. வாடிக்கையாளர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. தீர்வுத் திட்டம் எங்கே நடந்தது? சிங்கப்பூர் நீதிமன்றத்தில். ஏனென்றால் தாய் நிறுவனம் அங்கே பதிவானது. இந்தத் தளத்தின் உரிமையாளர் யார் என்பதிலேயே 2022 முதல் வசீர்எக்ஸ் தரப்புக்கும் பைனான்ஸ் தரப்புக்கும் இடையே பகிரங்கத் தகராறு இருந்தது. திருச்சியிலும் தூத்துக்குடியிலும் இருந்து பணம் போட்ட எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? 2025 அக்டோபரில்தான் தளம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அதுவரை 15 மாதங்கள் காத்திருப்பு.

இதே விவகாரத்தில் நம் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. வழக்குத் தொடுத்தவர் ஒரு பெண்மணி. திருடப்பட்ட நாணய வகை வேறு, அவர் வைத்திருந்த வகை வேறு. ஆனாலும் எல்லாரோடும் சேர்ந்து அவரும் நட்டத்தைச் சுமக்க வேண்டும் என்றது தளம். கிரிப்டோ நாணயம் சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்துதான், அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்து, அந்தப் பெண்மணிக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார். பணம் சென்னையிலிருந்து அனுப்பப்பட்டது என்பதால் இங்குள்ள நீதிமன்றம் தலையிட முடியும் என்பதும் அதில் அடங்கும். இது நம்பிக்கை தரும் தீர்ப்பு. ஆனால் சற்று யோசிப்போம்: தனக்குச் சேர வேண்டியதைக் காத்துக்கொள்ள ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நம் பெரியவரால் போக முடியுமா?

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு

நம் குடும்பங்களில் பாதிப்பேர் கடல் தாண்டி இருக்கிறார்கள். சட்டம் ஊருக்கு ஊர் வேறு. சிங்கப்பூரில் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கட்டணச் சேவைச் சட்டத்தின் கீழ் அந்நாட்டு நாணய ஆணையம் உரிமம் தருகிறது. உரிமம் பெற்றோர் பட்டியலையும் எச்சரிக்கைப் பட்டியலையும் அது தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. 2022 நவம்பரில் 'எஃப்.டி.எக்ஸ்.' தளம் கவிழ்ந்தபோது, அது தங்களிடம் உரிமம் பெற்றதல்ல, எனவே அதில் பணம் போட்ட உள்ளூர் மக்களைத் தாங்கள் பாதுகாத்திருக்க இயலாது என்று அதே ஆணையம் சொன்னது. துபாயில் 2022 முதல் இதற்கென்றே தனி ஆணையம் உண்டு, அதற்கும் பொதுப் பதிவேடு உண்டு. ஆனால் துபாய் உரிமம் துபாய்க்குத்தான். அதைக் காட்டி நாகர்கோவிலில் இருக்கும் தந்தையிடம் பணம் வாங்க முடியாது.

ஹாங்காங்கில் நடந்தது எல்லாருக்கும் எச்சரிக்கை. 'ஜே.பி.இ.எக்ஸ்.' என்ற தளம் இரயில் நிலையங்களில் பெரிய விளம்பரங்கள் வைத்தது, சமூக ஊடகப் பிரபலங்களைப் பேச வைத்தது, பல நாடுகளில் உரிமம் இருப்பதாகச் சொன்னது. ஹாங்காங் பங்குச்சந்தை ஆணையம் 2022 ஜூலையிலேயே அதை எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்திருந்தது. பார்த்தவர்கள் சிலரே. 2023 செப்டம்பர் 13 அன்று, இந்தத் தளத்திற்கு உரிமமும் இல்லை, அது விண்ணப்பிக்கவும் இல்லை என்று ஆணையம் பகிரங்கமாக அறிவித்தபின் மக்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள். 1,000 நாணயம் எடுக்க 999 நாணயம் கட்டணம் என்றது தளம்! 2,600க்கும் மேற்பட்டோர் காவல்துறையில் புகார் கொடுத்தனர். பட்டியல் 14 மாதங்களாகத் திறந்தே கிடந்தது என்பதுதான் இதில் மனத்தை வருத்தும் செய்தி.

எப்படிச் சரிபார்ப்பது?

இதில் பணம் போடுங்கள் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் போடத் துணிந்தவர்கள், போடுவதற்கு முன் இவற்றையாவது பார்க்க வேண்டும்.

1. செயலியின் பெயர் வேறு, நிறுவனத்தின் பெயர் வேறு. செயலியின் விதிமுறைப் பக்கத்தில், நாம் யாரோடு ஒப்பந்தம் செய்கிறோம் என்று நிறுவனத்தின் முழுப் பெயரைத் தேடுங்கள். பெயரே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

2. அந்த நிறுவனம் இந்திய நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். நாடாளுமன்றக் கேள்விகளுக்கு நிதி அமைச்சகம் அளிக்கும் பதில்களிலும் பதிவு பெற்றோர் பெயர்கள் வெளிவந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் 28 பெயர்கள் அப்படி வெளியாயின. அரசு இணையதளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள்.

3. பதிவு பெற்ற தளத்தின் பெயரிலேயே போலிகள் உலவுகின்றன. இணைய முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் வழியே வரும் செயலிக் கோப்பைக் கைபேசியில் ஏற்றாதீர்கள்.

4. பணம் யார் கணக்கிற்குப் போகிறது? நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிற்கா, யாரோ ஒரு தனிமனிதரின் யு.பி.ஐ. எண்ணிற்கா? தனிமனிதர் என்றால் வேறு கேள்வியே தேவையில்லை.

5. விற்கும்போது 1 விழுக்காடு டி.டி.எஸ். பிடிக்கிறார்களா, அது உங்கள் பான் எண்ணில் வரவாகிறதா? இந்தியச் சட்டப்படி நடக்கும் தளம் வரியை உங்கள் தொகையிலிருந்து பிடித்துக்கொள்ளும். "முதலில் வரியைக் கட்டுங்கள், பிறகு பணத்தை எடுக்கலாம்" என்று கேட்பது மோசடியின் அடையாளம்.

6. தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்று விதிமுறையில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, அந்த ஊருக்குப் போய் வழக்காட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. மாதம் இத்தனை விழுக்காடு உறுதி, ஆள் சேர்த்தால் கமிஷன் என்றால் அது பரிமாற்றத் தளமே அல்ல. ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இப்படிப்பட்டவை குறித்து ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் புகார் செய்யலாம்.

இந்த ஏழும் சரியாக இருந்தாலும், ஒரு போலித் தளத்தில் மாட்டிக்கொள்ளவில்லை என்பதுதான் அதன் பொருள். பணம் பத்திரம் என்பது அல்ல. திருமணத்திற்கும் படிப்பிற்கும் மருத்துவத்திற்கும் வைத்திருக்கும் பணத்தை இந்தப் பக்கம் கொண்டு வராதீர்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை

இவ்வளவையும் ஓய்வு பெற்ற ஓட்டுநரும், மீனவப் பெண்ணும், ஆசிரியரும் தாங்களாகவே சரிபார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அரசு 2022 முதல் 30 விழுக்காடு வரி வாங்குகிறது. 2023 முதல் தளங்களைக் கண்காணிக்கிறது. ஆனால் 2025 முடியும்வரை, இந்தத் தளங்களில் பணம் போடும் மக்களைப் பாதுகாக்க ஒரு தனிச் சட்டம் வரவில்லை. அங்கீகரித்தால் மக்கள் இதில் மேலும் இறங்கிவிடுவார்கள் என்ற தயக்கத்திற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் மக்கள் ஏற்கெனவே இறங்கிவிட்டார்கள். வரி வாங்கும் கைக்குக் காக்கும் கடமையும் உண்டு. சிறிய தொகை போட்டவர் உயர் நீதிமன்றம் போகாமல் முறையிட ஓர் இடமாவது வேண்டும். பதிவு பெற்ற தளங்களின் பட்டியல், தமிழ் உட்பட மக்களின் மொழிகளில், யாரும் எளிதில் தேடிப் பார்க்கும்படி அமைய வேண்டும். இது பெரிய கோரிக்கை அல்ல.

பெரியவரின் கதை

ஒரு வாரம் கழித்துப் பெரியவர் மீண்டும் வந்தார். "81,000த்தை வெளியே எடுத்துப் பாருங்க, முடிஞ்சா மத்ததப் பேசலாம்" என்றோம். எடுக்க முயன்றார். 16,000 ரூபாயை வரியாக முன்கூட்டியே கட்டச் சொல்லிச் செய்தி வந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது. அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்தார். இதை எழுதும்வரை 60,000 திரும்பி வரவில்லை. 4 லட்சம் வங்கியில் இருக்கிறது.

ஆனால் அவரை வருத்தியது 60,000 அல்ல. அன்பியத்தில் இரண்டு குடும்பங்களுக்கு இந்தச் செயலியை அவரே பரிந்துரைத்திருந்தார். "நான் சொன்னதாலதான சாமி போட்டாங்க" என்றார். அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் நம்மையும் உறுத்தியது. அந்த ஞாயிறு காலை, அடுத்த திருமுழுக்கிற்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில், கழுகு முத்திரையைப் பார்த்து "நல்லாத்தான் தெரியுது" என்று நாம் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்? கோவில் முற்றத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தை, எந்த அரசும் கொடுக்காத உரிமமாக ஊர் முழுக்கச் சுற்றியிருக்கும்.

எந்தத் தளமும் நம்மிடையே விளம்பரத்தால் மட்டும் நுழைவதில்லை. மைத்துனர் சொன்னார், பாடகர் குழுத் தம்பி சொன்னான், பொறுப்பாளர் சொன்னார் என்றுதான் நுழைகிறது. ஒருவர் பெயரை ஒருவர் நம்பிக் கொடுக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். எனவே தெரியாததைத் தெரியாது என்று சொல்வோம். ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று ஏசாமல், புகார் கொடுக்கத் துணை போவோம். வெட்கத்தால் மூடி வைக்கும் ஒவ்வொரு வீட்டின் மௌனமும் அடுத்த வீட்டின் கதவைத் திறந்துவிடுகிறது.

பெரியவர் அடுத்த அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று, நடந்ததை எல்லார் முன்னிலையிலும் சொன்னார். பிறகு அந்த இரண்டு வீடுகளுக்கும் தாமே போய்வந்தார். ஒரு வீட்டில் இன்னும் பணம் போட்டிருக்கவில்லை. அடுத்த நாள் போடுவதாக இருந்தார்களாம்.